நிகர எடை

அஞ்சாம் மாசம்.
அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது,
ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கடைசியாய்த் தலைக்குக் குளித்த தேதி.
எடைக்கு மட்டும்
பென்சிலில் 'உத்தேசம் 50'.
மூன்று மாதமாய் அதே ஐம்பது.
உள்ளே ஒன்று வளர்கிறது,
உத்தேசம் வளரவில்லை.

"எந்திரிச்சு நிப்பாங்களா?"
கேள்வி எனக்கு இல்லை,
நாற்காலியைத் தள்ளிவந்த என் வீட்டுக்காரருக்கு.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் தராசைப் பார்த்தேன்.
இரண்டு பாதம் கொள்கிற பலகை.
நிற்கிறவர்களுக்குத்தான் பாரம் உண்டு என்று
அதற்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பேர் கூப்பிட்டால் சிரிப்பு வேறு.
ஒச்சம்மாள்.
எங்கள் பக்கம் ஒச்சம் என்றால் குறை.
நேர்ந்துவிடும் கிடாயைத் தடவித் தடவி
ஒச்சமில்லையே என்று கேட்டுக்கொள்வார்கள்.
பாப்பாபட்டிக்குப் போனால் அதுவே சாமி பேர்.
புது நர்ஸுக்குச் சாமி தெரியாது.
"பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்றாள்,
மெதுவாக.
எனக்குக் கால்தான் சொன்னபடி கேட்காது.
காது நன்றாகக் கேட்கும்.

ரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போடணுமாம்,
கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்காம்.
"மதுரைக்கு எழுதட்டுமா?" என்றார் டாக்டரம்மா.
உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு
முக்கால் மணிக்கு ஒரு பஸ்,
பஸ்ஸுக்கு மூன்று படி,
படிக்கு இரண்டு ஆள்.
வேண்டாம் என்றேன்.

வெளியே வெயில். சந்தை நாள்.
வெங்காய மண்டி வாசலில்
தரையோடு தரையாக ஒரு தராசு,
மூட்டையை உருட்டி ஏற்றுகிற தராசு.
"தவசியண்ணே, என்னைக் கொஞ்சம் நிறுத்துக் கொடுங்க."
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.
"ஏத்துங்கப்பா. சாக்குக்குக் கழிக்கிற மாதிரி
சேருக்குக் கழிச்சுக்குவோம்."

எழுபத்து நாலு முன்னூத்தம்பது.
என்னை இறக்கி வெங்காய மூட்டையில் உட்காரவைத்து
நாற்காலியை மட்டும் ஏற்றினார்கள்:
பதினெட்டு நூறு.
சுமைதூக்குகிற பையன்கள்
சரக்கு விலை போவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்பத்தாறு இருநூத்தம்பது.
சில்லறையைத் தள்ளிருவமா தாயி, மண்டி வழக்கம்."
"தள்ளாதீங்கண்ணே.
பிள்ளை அதிலதான் இருக்கு."

கமிஷன் மண்டிச் சீட்டு.
மொத்தம், கழிவு, நிகரம்.
விவசாயி பேருக்கு நேரே ஒச்சம்மாள்.
சரக்கு என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்று
எழுதாமல் நகர்ந்தது.

"இதையெல்லாம் ஒட்டமுடியாதும்மா, சீல் இல்லை."
டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார்.
முகர்ந்தும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.
ரப்பரைத் தேடி எடுத்து
ஐம்பதை அழித்தார்.

அடுத்த திங்கள், கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள்.
போக வர ஆட்டோ ஆயிரத்து நூறு.
"குறை என்னம்மா?" என்றார் டோக்கன் போடுகிறவர்,
கண் என் காலில்.
"எனக்கில்லை சார்.
ஆஸ்பத்திரித் தராசுக்கு."

ஒரு ரசீது கொடுத்தார்கள்.
குழந்தை பிறந்தாள். ரசீது இருந்தது.
துடைத்த ஈரம் காய்வதற்குள்
அவளைத் தட்டில் போட்டு எழுதினார்கள், இரண்டு அறுநூறு.
எனக்கு அது இருபத்தொன்பதாம் வயதில் கிடைத்தது.
பொறாமையா என்று கேட்டால், கொஞ்சம்.

அவள் குப்புற விழத் தொடங்கிய மாதம்
தராசு வந்தது. சரிவு வைத்த, அகலத் தராசு.
தடுப்பூசிக்குப் போனபோது பார்த்தேன்,
அதன்மேல் பஞ்சுப் பெட்டிகள்,
ஒரு உடைந்த ஃபேன்.
"எடுங்க" என்றேன். எடுத்தார்கள்.
போன மாதம் மறுபடி பெட்டிகள்.
மறுபடி "எடுங்க."

அன்று எனக்குப் பின்னால்
மூன்று சக்கர வண்டியில் ஒருவர்,
செக்கானூரணியாம், ஐம்பது வயதிருக்கும்.
ஏறினார். எண் ஓடி நின்றது.
வண்டிக்குக் கழித்துச் சொன்னேன்.
திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு
என்னிடம் கேட்டார்:
"இது கூடவா, கம்மியாம்மா?"